கடல் காலண்டரும் கம்பெனி காலண்டரும்: தூத்தூர் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி எட்டு மீனவ ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியாட்களுக்குச் சட்டென்று தெரியாது. சுறாவையும் சூரையையும் தேடி ஆழ்கடல் போகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். நிறையப் பேருக்குத் தொழில் கொச்சித் துறைமுகத்தில். போனால் வாரக்கணக்கில் கரை திரும்ப மாட்டார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது, ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. இந்த ஊர்களில் பல வீடுகள் அந்த ஒரு புயலில் சம்பாதிக்கிற ஆளை இழந்தன.

அந்த வீடுகளோடு வேலை செய்த ஒரு சிறிய தொண்டு அமைப்பும், அதற்கு நிதி கொடுத்த ஒரு சென்னை நிறுவனமும் எப்படிச் சேர்ந்து நடந்தன, எங்கே முட்டிக்கொண்டன, எது சரியானது, எது இன்னும் சரியாகவில்லை என்பதே இந்த ஆய்வு. இரண்டு தரப்பின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். அமைப்பின் கணக்கு, அறிக்கை வேலைகளில் உதவியவன் என்ற முறையில் இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டவன் நான்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டு ஒரு கட்டத்துக்குப் பிறகு நன்றாக நடந்ததற்குக் காரணம் பெரிய தொகை இல்லை, இரு தரப்பின் நல்ல மனசு மட்டுமும் இல்லை. பணம் எந்த மாதம் வர வேண்டும், யாருடைய சம்பளத்துக்குப் போகலாம், திட்டம் சரியாகப் போகாதபோது அதை எப்போது, யாரிடம் சொல்லலாம் என்ற மூன்று கேள்விகளுக்கு ஒப்பந்தத்திலேயே பதில் எழுதினார்கள். அதுதான் காரணம்.

கொடுப்பவர்களை இந்தக் கரை நிறையப் பார்த்திருக்கிறது

இந்த மாவட்டத்துக்கு நன்கொடை புதிதில்லை. லண்டன் மிஷன் காலத்தில் 1838-இல் நெய்யூரில் மருத்துவமனை தொடங்கியது. அதற்கும் முன்பே, 1820-களில், நாகர்கோவிலில் மிஷனரி ஒருவரின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1970-இல் திறந்த விவேகானந்தர் பாறை நினைவகத்துக்கு நாடு முழுவதும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாக மக்களிடம் வசூலித்தார்கள். முட்டத்தில் பிளைவுட் படகு கட்டும் வேலை 1980-களில் வெளிநாட்டு உதவியோடு நடந்தது.

ஆனால் கடற்கரை மக்கள் நினைவில் மேலே நிற்பது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்தைய மாதங்கள்தான். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கம் எத்தனையோ அமைப்புகள் வந்திறங்கின. ஒரே ஊரில் நாலு பேர் தனித்தனியாகக் கணக்கெடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரை முழுக்கவே தேவைக்கு மேல் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன, அந்தந்தக் கடலுக்குத் தோதில்லாத படகுகளும் அதில் சேர்த்தி. நல்ல வேலையும் நிறைய நடந்தது, அதை மறுக்க முடியாது. என்றாலும் அந்த அனுபவத்தில் மக்கள் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். வந்தவர் எதைக் கொடுக்க நினைத்து வந்திருக்கிறாரோ அதையே தங்கள் தேவை என்று சொல்லிவிடுவார்கள். மறுத்தால் அதுவும் கிடைக்காமல் போகும் என்ற பயம். ஓகிக்குப் பிறகு கூட்டு வேலை தொடங்கியதும் இந்தப் பழக்கத்தின் மேல்தான்.

அமைப்பு சின்னது. சில ஆசிரியர்களும் சுய உதவிக்குழுப் பெண்களும் சேர்ந்து நடத்திய மாலைநேரப் படிப்பு மையமாகத் தொடங்கி, 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு இரண்டும் இருந்தன. வெளிநாட்டு நன்கொடை உரிமம் கிடையாது. அந்த உரிமம் உள்ள ஒரு பெரிய அமைப்பு தன் நிதியில் ஒரு பகுதியை இவர்களுக்கு மாற்றித் தந்துகொண்டிருந்தது. அதில்தான் களப்பணியாளரின் சம்பளம் ஓடியது.

நிதி கொடுத்த நிறுவனம் 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுக்குள் வருவது. 500 கோடி நிகர மதிப்பு, 1000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம், இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலே முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். இதைத்தான் சி.எஸ்.ஆர். என்கிறார்கள். ஓகிக்குப் பிறகு அவர்களாகவே தேடி வந்தார்கள். உதவ வேண்டும் என்ற எண்ணம் உண்மையாகவே இருந்தது.

தையல் மெஷினும் அக்டோபர் பணமும்

முதல் ஒப்பந்தம் ஓராண்டுக்கு. கணவரை இழந்த பெண்களுக்குத் தையல் பயிற்சி, மெஷின், பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பு மையம். திட்டத்தைச் சென்னையில் எழுதி முடித்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தார்கள். சின்னத்துறையில் நடந்த முதல் கூட்டத்தில், நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் திட்டத்தை விளக்கி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்தார். “மக்களே, தையல் மெஷின் எங்க வீட்டுல ரெண்டு கிடக்கு. ஒண்ணு சுனாமி சமயத்துல தந்தது. நான் மீன் விக்கப் போறவ. எனக்கு ஐஸ் வாங்கணும், வண்டிக்குக் குடுக்கணும். அதுக்கு வழி இருக்கா?” அந்த இளைஞர் அதைக் குறித்துக்கொண்டார். ஆனால் வரவுசெலவு ஏற்கெனவே அனுமதியாகிவிட்டது, மாற்ற வழியில்லை என்று பதில் வந்தது. மெஷின்கள் வந்தன. சிலர் உண்மையிலேயே தைத்துச் சம்பாதித்தார்கள். பல மெஷின்கள் போர்வை மூடி மூலையில் இருந்தன.

பணம் வந்த காலம் அதைவிடப் பெரிய பிரச்சினை. இந்த மாவட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் இங்கே இரண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுக்குத்தான் தடை என்றாலும், அந்த இரண்டு மாதமும் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் சீறிக்கொண்டிருப்பதால் வள்ளக்காரர்களும் பல நாள் கரையில்தான். மீன் இல்லையென்றால் தலைச்சுமையாக விற்கப் போகும் பெண்களுக்கும் வேலையில்லை. பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூனில். ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். வட்டிக்குக் கொடுப்பவர்கள் வாசலுக்கு வரும் மாதம் அது.

கம்பெனியின் ஆண்டு எப்படி ஓடியது? ஏப்ரலில் கணக்கு முடிக்கும் வேலை. அப்புறம் போர்டு கூடி அந்த ஆண்டுத் திட்டங்களுக்கு ஒப்புதல். ஒப்பந்த வரைவு சட்டப் பிரிவுக்குப் போய்த் திரும்ப ஆகஸ்ட். முதல் தவணை அக்டோபரில். மார்ச் 31-க்குள் முழுவதையும் செலவழித்து, பணம் உரிய வேலைக்கே போனது என்று காட்டும் பயனீட்டுச் சான்றிதழ் தர வேண்டும். ஆக, வீட்டில் அடுப்பு எரியாத ஜூன், ஜூலையில் திட்டம் தூங்கியது. மீன் ஓரளவு கிடைக்கும் காலத்தில், அஞ்சாறு மாதத்துக்குள் எல்லாவற்றையும் செலவழிக்க அமைப்பு மூச்சுவிடாமல் ஓடியது. இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சம்பள விஷயம் அடுத்தது. “எங்கள் பணம் முழுக்கப் பயனாளிகளுக்கே போக வேண்டும்” என்று நிறுவனம் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படிப்பு மையத்தை யார் திறப்பது? ஆவணம் இல்லாத பெண்ணை யார் அழைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போவது? நிர்வாகச் செலவுக்கு 5 விழுக்காடுதான் விதி அனுமதிக்கிறது என்று ஒரு காரணமும் சொன்னார்கள். இந்தத் தவறான புரிதலைப் பல இடங்களில் பார்க்கிறேன், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். அந்த 5 விழுக்காடு, நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவைப் பொதுவாக நிர்வகிக்கத் தனக்குள் செய்துகொள்ளும் செலவுக்கான வரம்பு. குறிப்பிட்ட ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. களப்பணியாளர் இல்லாமல் நடக்காத திட்டத்தில் அவர் சம்பளம் திட்டச் செலவுதான். தொண்டு அமைப்புகள் இதைத் துணிந்து எடுத்துச் சொல்ல வேண்டும். சின்ன அமைப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை. கேட்டால் அடுத்த ஆண்டு நிதி வராதோ என்று சம்பளத்தை வேறு தலைப்புக்குள் மறைக்கப் பார்ப்பார்கள். கணக்கில் பொய் நுழைவது அப்படித்தான்.

2020

பேச்சின் தன்மை மாறியது ஊரடங்கில். 2020 மார்ச் இறுதியில் துறைமுகங்கள் அடைபட்டன, படிப்பு மையங்கள் மூடின. மையத்துக்கான பணம் அமைப்பின் வங்கிக் கணக்கில் அப்படியே இருந்தது. ஒப்பந்தப்படி அதை வேறு எதற்கும் தொடக் கூடாது. களப்பணியாளர் அக்கா ஒரு முடிவு எடுத்தார். சுற்றி வளைக்காமல் நிறுவனத்தின் அந்த இளைஞருக்கே போன் செய்தார். மையம் ஓடவில்லை, பணம் இருக்கிறது, எத்தனை வீடுகளில் அரிசி இல்லை, பிள்ளைகள் போனில் பாடம் கேட்க ரீசார்ஜ் இல்லாமல் இருக்கிறார்கள் என்று சொன்னார். அவர் ஒரு பக்கத்துக்கு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்ததும் அனுமதி வந்துவிட்டது. செலவு முடிந்ததும் பில்லோடு கணக்கு போனது.

சின்ன நிகழ்ச்சிதான். ஆனால் அதுவரை அமைப்பு ஒரு கெட்ட செய்தியைக்கூட நிறுவனத்திடம் சொன்னதில்லை. அறிக்கைகளில் எல்லா இலக்கும் எப்போதும் எட்டப்பட்டிருக்கும். முதல் முறையாக “இது நடக்கவில்லை” என்று சொல்லி, அதற்காகத் தண்டனை கிடைக்காமல், வேலை நல்லபடியாக நடந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. உரிமம் உள்ள ஒரு அமைப்பு அந்த நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தருவது முழுவதுமாகத் தடையானது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20-க்கு இறங்கியது. பெரிய அமைப்பு வழியாக வந்துகொண்டிருந்த பணம் நின்றது. களப்பணியாளர் சம்பளத்துக்கு இனி வழியில்லை.

இந்த இடத்தில் அமைப்பு செய்தது மற்றவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. உதவி கேட்டு உருக்கமான கடிதம் எழுதவில்லை. தங்கள் மொத்தக் கணக்கையும் திறந்து காட்டினார்கள். எங்கிருந்து எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, இனி எது நிற்கும் என்று எல்லாம். கூடவே ஒரே ஒரு தாளும் இருந்தது. கடலில் காணாமல் போனவரின் மனைவி ஒருவருக்கு ஆவணங்கள் சரிசெய்த கதை அதில் செலவுக் கணக்காக இருந்தது.

அந்தத் தாளைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உடல் கிடைக்காமல் ஒருவர் காணாமல் போனால், சாதாரணமாக ஏழு ஆண்டு கழித்துத்தான் அவர் இறந்ததாகச் சட்டம் கருதும். ஓகியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் இறந்தவர்களுக்குப் போலவே அரசு 20 லட்சம் நிவாரணம் கொடுத்தது. ஆனால் நிவாரணத்தோடு காகித வேலை முடிவதில்லை. வங்கிக் கணக்கு, படகுப் பங்கு, குடும்ப அட்டை, பிள்ளையின் கல்வி உதவித்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று. அதில் ஒரு எழுத்து மாறியிருந்தால் மறுபடி முதலிலிருந்து. தூத்தூரிலிருந்து பஸ் ஏறி, மார்த்தாண்டத்தில் மாறி, நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வந்தால் ஒரு நாள் போய்விடும். பெண்ணுக்கும் பணியாளருக்கும் பஸ் காசு, ஜெராக்ஸ், ஒரு சாயா, வடை, “நாளை வாங்க” என்று திருப்பி அனுப்பிய நாள்கள், எல்லாம் அந்தத் தாளில் வரிவரியாக இருந்தன. பயனாளிக்கு நேராகப் போன பொருள் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய உதவியை வேறு யாரும் செய்திருக்க முடியாது. சம்பளம் என்ற சொல் அதுவரை வீண்செலவாகத் தெரிந்த இடத்தில், அந்தத் தாள் அதற்கு ஒரு முகம் கொடுத்தது.

2021 ஒப்பந்தம்

அந்தச் சமயம் சி.எஸ்.ஆர். விதிகளும் மாறின. 2021 ஜனவரித் திருத்தத்துக்குப் பிறகு, செயல்படுத்தும் அமைப்புகள் மத்திய அரசிடம் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்து எண் பெற வேண்டியதானது. அமைப்பு உடனே அதைச் செய்து முடித்தது. அதைவிட முக்கியமானது ‘தொடர் திட்டம்’ என்ற ஏற்பாடு. தொடங்கும் ஆண்டை விட்டு மூன்று நிதியாண்டு வரை ஒரு திட்டத்தை நடத்தலாம். மார்ச் 31-க்குள் செலவாகாத தொகையை 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அதே வேலைக்குச் செலவிடலாம். மார்ச் மாத ஓட்டத்தைத் தவிர்க்கச் சட்டமே வழி திறந்துவிட்டது. பல நிறுவனங்கள் இதை ஒரு கூடுதல் படிவமாக மட்டும் பார்த்தன. இவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஒவ்வொரு ஆண்டும் தவணை மே மாதத்துக்குள் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் மாதம் போட்டு எழுதினார்கள். களப்பணியாளர் சம்பளமும் பயணச் செலவும் திட்டச் செலவாகவே வந்தன. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஓரளவு வரை அமைப்பே மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் ஒரு மின்னஞ்சல் போதும். காலாண்டு அறிக்கை போய், ஆண்டுக்கு இரண்டு என்றானது. ஒன்று தடைக்காலம் முடிந்து ஆகஸ்டில், இன்னொன்று பிப்ரவரியில். ஒவ்வொரு அறிக்கையிலும் ‘நடக்காதவை’ என்று ஒரு பகுதி கட்டாயம். அதைக் காலியாக விட்டால் நிறுவனம் திருப்பி அனுப்பும்.

புகைப்படம் பற்றியும் ஒரு வரி சேர்ந்தது. முதல் ஆண்டில் மேடை போட்டு, பேனர் கட்டி, கணவரை இழந்த பெண்களை வரிசையாக நிறுத்தி மெஷின் கொடுப்பதைப் படமெடுத்தார்கள். அந்தப் படங்கள் எங்கெங்கோ சுற்றின. அப்படி நின்றவர்களில் ஒரு பெண்ணின் மகள், பள்ளியில் பிள்ளைகள் அதைக் காட்டிக் கேட்டதாகச் சொல்லி அழுதாள். புதிய ஒப்பந்தத்தில், எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் முகம் தெரியும் படம் கூடாது என்று வந்தது. எனக்கு இந்த ஒப்பந்தத்தில் மிகவும் பிடித்த வரி அதுதான். துக்கத்தில் இருப்பவரின் முகத்தைக் காட்டி நிதி திரட்டும் வழக்கம் இந்தக் கரையில் ஒழிய வேண்டும்.

என்ன வாங்குவது என்பதைப் பெண்கள் குழு முடிவு செய்தது. ஐஸ் பெட்டி, தராசு, சந்தைக்குச் சேர்ந்து போக வண்டிக்கான ஏற்பாடு. ஐஸ் பெட்டி சாதாரணமாகத் தெரியலாம். காலையில் ஏலம் எடுத்த மீனைப் பத்து மணிக்குள் விற்றுவிட வேண்டிய கட்டாயம் இருக்கும்வரை வாங்குபவர் சொல்வதுதான் விலை. பெட்டி இருந்தால் மாலைச் சந்தைக்கும் கொண்டுபோகலாம். புதிய விதிப்படி சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கும் சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. பயனாளிகளின் சுய உதவிக்குழு பெயரில் இருக்கலாம். அப்படியே செய்தார்கள். பெட்டிகள் குழுவின் சொத்தானதும் பழுது பார்ப்பதையும் குழுவே கவனித்துக்கொண்டது.

நடந்ததும் நடக்காததும்

ஜூனில் படிப்புச் செலவுக்குப் பணம் கையில் இருந்ததால், வட்டிக்கு வாங்குவது இந்த வீடுகளில் குறைந்தது என்று பெண்களே கூட்டத்தில் சொன்னார்கள். முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆவண வேலை நன்றாக நகர்ந்தது.

ஒரு ஊரில் படிப்பு மையம் தோற்றது. நிறையக் குடும்பங்கள் பிள்ளைகளோடு கொச்சிப் பக்கம் போய்விட்டதால் வருகை விழுந்துகொண்டே வந்தது. ‘நடக்காதவை’ பகுதியில் அதை எழுதி, மையத்தை மூடிவிட்டு, அந்தப் பணத்தைப் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்ப வேலைக்கு மாற்றிக்கொண்டார்கள். பழைய ஒப்பந்தமாக இருந்தால் பேருக்கு மையம் மார்ச் வரை திறந்திருக்கும், வருகைப் பதிவேட்டில் பெயர்கள் நிறைந்திருக்கும்.

மீன் வாங்க முதல்போடுவதற்குப் பணம் வேண்டும் என்பதுதான் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்ன தேவை. அதற்குக் கடைசிவரை நல்ல விடை கிடைக்கவில்லை. ஒருவர் வாங்கித் திருப்பிக் கட்டியதும் அடுத்தவருக்குப் போகும் சுழல்நிதியாகக் கொடுக்க நிறுவனத்தின் தணிக்கையாளர்கள் சம்மதிக்கவில்லை. வங்கியில் குழுக் கடனுக்கு அமைப்பு ஏற்பாடு செய்தது, சில குழுக்களுக்குக் கிடைத்தது. மற்றவர்கள் இன்னும் அதிகாலையில் வட்டிக்காரரிடம் வாங்கி, மாலையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அமைப்பும் நிறுவனமும் எவ்வளவு ஒத்துப்போனாலும், கேட்டது ஒன்று கொடுக்க முடிந்தது வேறொன்று என்ற நிலை இந்த விஷயத்தில் அப்படியே இருக்கிறது.

ஆள் மாறுவது இன்னொரு சிக்கல். அந்த இளைஞர் வேறு வேலைக்குப் போனார். புதிதாக வந்தவர் முதல் மாதமே காலாண்டு அறிக்கை கேட்டார். ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால் அமைப்பால் எடுத்துக் காட்ட முடிந்தது, அவரும் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஏன் ஆகஸ்ட், ஏன் பிப்ரவரி என்பதை ஒப்பந்தம் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவரை ஜூலையில் ஊருக்கு அழைத்து வர வேண்டியிருந்தது. தேங்காப்பட்டணத்தில் கட்டிக்கிடந்த படகுகளையும் முகத்துவாரத்தில் அடித்த அலையையும் பார்த்தபின் அவர் வேறு கேள்விகள் கேட்கத் தொடங்கினார்.

தேவாலயப் பங்குப் பேரவைகளோடும் ஊர்க் கமிட்டிகளோடும் உள்ள உறவும் ஒப்பந்தத்துக்கு வெளியில்தான் இருக்கிறது. இந்த ஊர்களில் எந்த வேலையும் பங்குத் தந்தைக்கும் கமிட்டிக்கும் தெரியாமல் நடக்காது. அந்தப் பேச்சுக்கு ஆகும் நேரத்தை எந்த வரவுசெலவுத் தலைப்பிலும் போட இடமில்லை. அமைப்பின் செயலாளர் தன் சொந்த நேரத்தில் அதைச் செய்துகொண்டிருக்கிறார். நிறுவனம் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஒப்பந்தத்துக்கான வரைவு இப்போது இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருக்கிறது. அமைப்பு மூன்று கோரிக்கைகள் வைத்திருக்கிறது. நிறுவனத்தின் புதுப் பொறுப்பாளர் யார் வந்தாலும் முதல் ஆறு மாதத்துக்குள், தடைக்காலத்தில் ஒரு முறை ஊருக்கு வர வேண்டும். முடிக்கும் ஆண்டில் நிதியைச் சட்டென்று நிறுத்தாமல் பாதியாகக் குறைத்து, அப்புறம் நிறுத்த வேண்டும். மீன் விற்கும் பெண்களின் முதலுக்கு ஒரு வழி தேட, தணிக்கையாளரும் வங்கி மேலாளரும் குழுப் பெண்களும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். முதல் இரண்டுக்கும் நிறுவனம் சம்மதம் சொல்லிவிட்டது. மூன்றாவதற்குத் தேதி கேட்டிருக்கிறார்கள். ஆகஸ்டுக்குப் பிறகு, மீன் வரத்து தொடங்கிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வைக்கலாம் என்று பெண்கள் பதில் அனுப்பியிருக்கிறார்கள்.